கடலுக்குப் போய்த் திரும்பிய தாம்பூலப் பை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரி வாசலை மிதித்ததும் நான்தான், விலங்கியலில் எம்.எஸ்சி. வாங்கியதும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அண்ணன் ஐந்தாவதோடு நிறுத்திவிட்டுக் கரும்பு வெட்டப் போய்விட்டான். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் 'எம்.எஸ்சி.' என்ற எழுத்துகளின் வடிவம் மட்டும் அவருக்கு மனப்பாடம். டாக்டர் போர்டு, டியூஷன் விளம்பரம், எதில் இருந்தாலும் நின்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் நகர்வார்.

கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் பிறந்த எனக்குக் கிடைத்த வேலையோ கடலோரத்தில். வெள்ளாறு கடலில் விழும் இடத்துக்கு அருகே ஒரு மீனவர் ஊர். கடலைப் பாதுகாப்பது பற்றி ஊர் மக்களோடு பேசும் ஒரு சின்ன அமைப்பு என்னை வேலைக்கு எடுத்திருந்தது. சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் வகுப்பு. மற்ற நாட்களில் மீன் இறங்கும் இடத்தில் பெண்களோடு பேச்சு. அப்பா இதைத் தெருவில் சொன்ன விதம் வேறு. "எம் பொண்ணுதான் கடலப் பாத்துக்குது" என்று சொல்லி வைத்திருந்தார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், நீ இங்கே வந்துவிட்டால் அங்கே யார் பார்ப்பார்கள் என்று உண்மையான கவலையோடு கேட்பார்கள்.

மீனவர் ஊரில் எனக்கு வைத்த பெயர் 'மலைக்காட்டு டீச்சர்'. நான் மலையில் பிறக்கவில்லை, மலைக்குக் கீழே சமவெளியில்தான் பிறந்தேன் என்று படம் போட்டு விளக்கிப் பார்த்தேன். சேத்தியாத்தோப்புக்கு மேற்கே இருப்பதெல்லாம் அவர்களுக்கு மலைதான். இறால் தோலை உரிக்கத் தெரியாதவள், அலை வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறவள் என்று என்னைப் பற்றிக் கதைகள் வேறு இருந்தன. இரண்டும் உண்மை.

என் வேலையின் மையம் ஒரே ஒரு விஷயம். வலையில் மீனோடு பிளாஸ்டிக்கும் ஏறி வரும். பால் கவர், தண்ணீர் பாட்டில், சாக்கு, கிழிந்த தார்ப்பாய். மீனவர்கள் அதை உதறிக் கடலிலேயே போட்டுவிடுவார்கள். மறுநாள் அதே கவர் அடுத்தவர் வலையில் ஏறும். அதைக் கடலில் போடாமல் படகிலேயே கரைக்குக் கொண்டு வந்தால் போதும், அதற்கு மேல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது எங்கள் கோரிக்கை. ஊர்க்கூட்டம் சரி என்று சொல்ல வேண்டும். மாசி மகத்துக்குள் சொல்லாவிட்டால் இந்த வேலை தெற்கே வேறொரு ஊருக்கு மாறிவிடும், அங்கே அந்த ஊர்ப் பெண் ஒருத்தியையே வைத்துக்கொள்வோம் என்று அமைப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதாவது நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். கடலைப் பார்த்துக்கொள்ளப் போனவள் கடலை விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று எங்கள் தெரு பேசும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

ஊரோ மசியவில்லை. படகில் இடம் கம்மி, நாற்றம் ஜாஸ்தி, பக்கத்து ஊர்க்காரன் குப்பைப் படகு என்று கேலி செய்வான் என்று ஆண்கள் ஒவ்வொரு காரணமாகச் சொன்னார்கள். உண்மையான காரணத்தைச் சொன்னது மீன்கார அக்காதான். ஊரில் மீன் விற்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி அவர். கூட்டம் கோயில் முன்னால் ஆண்கள் நடுவில் நடக்கும். முடிவு மட்டும் முந்தின நாளே அக்கா வீட்டு வாசலில் ஆகியிருக்கும். மீன் அரிந்துகொண்டே நிமிராமல் சொன்னார்.

"நாங்க போடாத குப்பைய நாங்க இன்னாத்துக்கு டீச்சர் சுமக்கணும்? போட்டவன வந்து தூக்கச் சொல்லு."

இதற்குப் பதில் சொல்ல நான் கண்டுபிடித்ததுதான் 'விலாசம் படித்தல்' என்ற பாடம். என் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதால் அதைப் பற்றி நிறையவே பெருமை. பள்ளிச் சுவரில் ஆற்றை வரைந்தேன். கல்வராயன் மலையில் கோமுகி தொடங்குகிறது, கள்ளக்குறிச்சிப் பக்கமாக வந்து மணிமுத்தாற்றில் சேருகிறது, அது விருத்தாசலத்தைத் தாண்டி வெள்ளாற்றில் சேருகிறது, வெள்ளாறு இங்கே கடலில் விழுகிறது. பிள்ளைகள் கரையில் குப்பை பொறுக்கி வர வேண்டும். அதில் அச்சடித்திருக்கும் கடை விலாசத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். சுவரில் அந்த ஊருக்கு நேராக ஒரு புள்ளி வைக்க வேண்டும். எந்தக் குப்பைக்கும் ஓர் ஊர் உண்டு, அந்த ஊரில் அதைப் போட்ட ஒரு கை உண்டு என்று அழுத்தமாகச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. கரை முழுக்க ஓடி ஓடிப் படித்தார்கள். விருத்தாசலம் ஜவுளிக் கடைக்கு ஒரு புள்ளி, சேத்தியாத்தோப்பு மிக்சர் பாக்கெட்டுக்கு ஒரு புள்ளி. யார் குப்பை என்று தெரிந்துவிட்டால் அவர்களிடம் போய்க் கேட்கலாம், கேட்கிற வரைக்கும் கரையில் வைத்திருப்போம் என்பது என் வாதம். அக்காகூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். காற்று என் பக்கம் திரும்பிவிட்டது என்று நம்பினேன்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு முகத்துவாரத்தில் வலை போட்டவர்கள், பிள்ளைகள் கேட்டதால் குப்பையைக் கரையிலேயே உதறினார்கள். அக்காவும் இன்னும் சில பெண்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் கூட்டத்தில் இருந்து ஒரு பை வெளியே வந்தது. சிவப்பு நிறம். சேறு படிந்திருந்ததே தவிர நூல் பிரியவில்லை, காது அறுபடவில்லை. தண்ணீரில் அலசினார்கள். தங்க நிறத்தில் பிள்ளையார் தெரிந்தார். எழுத்து தெரிந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே, ஒரே குரலில் படித்தார்கள்.

மணமகன் பெயரைப் படித்தார்கள். மணமகள் பெயரைப் படித்தார்கள். கள்ளக்குறிச்சியில் கோமுகிக் கரையில் இருக்கும் கல்யாண மண்டபத்தின் பெயரைப் படித்தார்கள். 'வருகைக்கு நன்றி' என்று படித்தார்கள். கடைசியாக, மாப்பிள்ளையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'மணமகனின் தங்கை' என்று தொடங்கி என் பெயரையும், அதற்குப் பின்னால் எம்.எஸ்சி.யையும், அதற்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'கடல்' என்பதையும் படித்தார்கள்.

அது என் அண்ணன் கல்யாணத் தாம்பூலப் பை. ஆவணியில் நடந்த கல்யாணம். பிளாஸ்டிக் பை கூடாது, துணிப்பைதான் வேண்டும் என்று நான் போனில் அப்பாவிடம் உத்தரவே போட்டிருந்தேன். அவரும் கடை கடையாக ஏறித் துணிப்பை வாங்கிவிட்டதாகச் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தால், துணி மாதிரி சொரசொரவென்று செய்து விற்கிற பிளாஸ்டிக் பை. கடைக்காரர்கள் அதைத் துணிப்பை என்றுதான் சொல்வார்கள், வாங்குகிறவர்களும் அப்படித்தான் நம்புவார்கள். அப்பாவிடம் சொன்னேன். பார்த்தால் துணி, தொட்டால் துணி, அப்புறம் என்ன பிளாஸ்டிக் என்று அவர் கேட்டார். பந்தக்கால் நட்ட வீட்டில் அதற்கு மேல் விஞ்ஞானம் பேச முடியவில்லை. கார்த்திகை மழையில் கோமுகி அணை திறந்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் கிடந்தது எல்லாம் ஆற்றோடு போயிருக்கும். மிச்ச வழியைச் சுவரில் நானே வரைந்து வைத்திருந்தேன்.

பிள்ளைகள் சுவருக்கு ஓடினார்கள். கள்ளக்குறிச்சிக்கு எந்த நிறத்தில் புள்ளி வைக்கட்டும் என்று கேட்டார்கள். ஆண்கள் படகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பையை வாங்கி, உதறி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் டீச்சர், கல்யாணத்துக்குத்தான் கூப்பிடல. தாம்பூலம் மட்டும் தேடிக்கினு வந்துட்ச்சே."

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு வீட்டில் இருந்து பாத்திரமோ பையோ வந்தால் அதை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் பக்கம் மட்டும் இல்லை, அந்த ஊரிலும் முறைதானாம். பையைக் காய வைத்து, அதன் வாய் வரைக்கும் நெத்திலிக் கருவாட்டை நிரப்பி, மறுநாள் என் கையில் கொடுத்தார். உங்கள் வீட்டுப் பை எங்கள் கடலுக்கு வந்திருக்கிறது, இனி நமக்குள் சம்பந்தி முறை என்றார். ஒரு நிபந்தனையும் வைத்தார். அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு என் அப்பா வர வேண்டும். போட்ட ஊர்க்காரர் ஒருவர் முகத்தையாவது இந்த ஊர் பார்க்க வேண்டும். அவர் வந்து பதில் சொன்னால் குப்பையைக் கரைக்குக் கொண்டுவருவதைப் பற்றிப் பேசலாம். வராவிட்டால் மாசி மகத்தோடு எனக்கு வழியனுப்பு விழா, அதற்கும் கருவாடு தருவதாகச் சொன்னார்.

நெத்திலிக் கருவாட்டோடு சிதம்பரத்தில் ஏறி, விருத்தாசலத்தில் பஸ் மாறி, கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வது ஓர் அனுபவம். விருத்தாசலம் வரைக்கும் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அதற்குப் பிறகு ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். சம்பா நெத்திலியா என்று விசாரித்தார், கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைக்கும் பக்குவம் முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

வீட்டில் நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கும் முன்பே அம்மா கருவாட்டை அலச ஆரம்பித்துவிட்டாள். கடலில் எத்தனை பை கிடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இப்படித் தருவார்களா என்பது அவளுக்கு எழுந்த ஒரே கேள்வி. அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவினார். விரல் நேராக எம்.எஸ்சி.யில் போய் நின்றது. நான் அவமானத்தில் குன்றிப்போன கதையைச் சொன்னேன். பிள்ளைகள் கூட்டமாகப் படித்ததைச் சொன்னேன். சுவரில் புள்ளி வைத்ததைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அவ்ளோ தூரம் தண்ணில போயும் எழுத்து அழியல பாத்தியா? கடல்ல இருக்கறவங்கெல்லாம் உம் படிப்பப் படிச்சிருக்காங்க."

அது பெருமை இல்லை, அதுதான் பிரச்சினை என்று புரியவைக்க எனக்கு அரை நாள் ஆனது. அழியாமல் இருப்பதுதான் தப்பு என்று ஒரு மனிதருக்கு, அதுவும் அழியாத அச்சுக்காகக் கடை கடையாக ஏறியவருக்கு, எப்படிச் சொல்வது? கடைசியில் என் வேலை போய்விடும் என்று சொன்னேன். அது உடனே புரிந்தது. கூட்டத்துக்கு வருகிறேன் என்றார். வந்து ஒரு வார்த்தை பேசினால் போதும், தவறு நடந்துவிட்டது, இனி பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால் போதும், வேறு எதுவும் வேண்டாம், சும்மா வந்தால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சும்மா எப்படி வருவது என்று அவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்ட நாள் வந்தது. கோயில் முன்னால் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் ஒரு பக்கம், நடுவில் அக்கா. என் பிள்ளைகள் கூட்டம் கோயில் சுவர் மேல். நான் காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அப்பா வெள்ளை வேட்டியில் இறங்கினார். பின்னாலேயே இரண்டு பெரிய மூட்டைகள் இறங்கின. மூட்டையின் வாயைப் பிரித்தார்.

உள்ளே இருந்தவை என் அண்ணன் கல்யாணத் தாம்பூலப் பைகள். மிச்சம் ஆனதையெல்லாம் அடுத்த விசேஷத்துக்கு ஆகும் என்று அம்மா பரணில் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் வேர்க்கடலை. ஒவ்வொன்றிலும் ஒரு கை புளி, கல்வராயன் மலை நெல்லிக்காய். வந்த பையை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்றால், பையில் வந்த கருவாட்டுக்குப் பதில் செய்யாமல் இருக்கலாமா? ஊர் முழுவதும் சம்பந்தி ஆகிவிட்டதே, ஒரு வீட்டை மட்டும் கவனித்தால் மற்ற வீடுகள் என்ன நினைக்கும்? அப்பாவின் கணக்கில் தப்பே இல்லை. பிளாஸ்டிக்கைக் கடலில் போட்டதற்குப் பதில் சொல்ல வந்தவர், அதே பிளாஸ்டிக்கை வீட்டுக்கு ஒன்றாக, கடலில் இருந்து கல்லெறியும் தூரத்தில், கைகூப்பி வணங்கி வழங்கிக்கொண்டிருந்தார். கூட்டம் மொத்தமும் பையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. சுவர் மேல் இருந்த பிள்ளைகள் என் பெயரை எம்.எஸ்சி.யோடு மறுபடியும் படிக்க ஆரம்பித்தார்கள். ஊருக்குப் போக எத்தனை மணிக்கு பஸ் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னா சம்பந்தி, ஆத்துல உட்டா லேட்டாவுதுன்னு நீங்களே தூக்கிக்கினு வந்துட்டீங்களா?"

அப்பாவுக்கு விளங்கவில்லை. இது துணி ஐயா, கடலுக்குக் கெடுதல் இல்லை, என் பெண் சொல்லித்தான் துணியாக வாங்கினேன் என்றார். என் பெண் சொல்லித்தான் என்பதை இரண்டு முறை சொன்னார். கூட்டம் இன்னொரு முறை என்னைப் பார்த்தது.

அப்போது ஒரு படகுக்காரர் எழுந்து வந்தார். நைலான் கயிற்றை அறுத்தால் முனை பிரியாமல் இருக்க மீனவர்கள் அதை நெருப்பில் காட்டுவார்கள். முனை உருகி, கறுத்த மணியாக உறைந்துவிடும். அதற்காக மடியில் லைட்டர் எப்போதும் இருக்கும். அவர் ஒரு பையை எடுத்து, கடலையை அப்பாவின் துண்டில் கொட்டிவிட்டு, பையின் காதை நெருப்பில் காட்டினார். துணியாக இருந்தால் சாம்பல் ஆகியிருக்கும். இது சுருண்டு, உருகி, கறுப்பாக ஒரு சொட்டு மணலில் விழுந்தது. நாற்றம் எல்லோர் மூக்கிலும் ஏறியது.

அப்பா குனிந்து அந்தச் சொட்டைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்துச் சூடு பட்டுக்கொண்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் சொன்னது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். அவர் கூட்டத்தில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எம் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சு, இது பிளாஸ்டிக்னு. நாந்தான் கேக்கல. கடைக்காரன் சொன்னத கேட்டேன், எம்.எஸ்சி. படிச்சது சொன்னத கேக்கல."

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதில் சொல்ல வந்தவர் அல்லவா? வலையில் வரும் குப்பையில் கள்ளக்குறிச்சி என்று எழுதியிருப்பதைத் தனியாக எடுத்து வையுங்கள், ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய், எந்தக் கடையோ எந்த வீடோ, அவர்கள் வாசலிலேயே கொண்டுபோய் வைக்கிறேன் என்றார். படிக்கத் தெரியாது, அதனால் குவியலை மட்டும் சரியாகப் பிரித்து வையுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா, அப்பாவின் துண்டில் கொட்டியிருந்த கடலையில் ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டார். மென்று முடிக்கும் வரைக்கும் ஊரே காத்திருந்தது.

"போட்டவன வந்து தூக்கச் சொன்னேன். ஒருத்தர் வந்துட்டாரு. இனிமே கொண்டாரலன்னா நம்மளுக்குத்தான் மரியாத இல்ல."

அவ்வளவுதான். பெரியவர்கள் ஏதோ யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். அன்று கடலையும் புளியும் வீட்டுக்கு வீடு போனது, அவரவர் முந்தானையிலும் துண்டிலும் மீன் கூடையிலும். பைகளை ஒன்று விடாமல் திரும்ப மூட்டை கட்டினோம். காது உருகிய பை மட்டும் இப்போதும் பள்ளிச் சுவரில் தொங்குகிறது. விலாசம் படித்தல் பாடத்தின் முதல் வகுப்பு அதை வைத்துத்தான். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதைப் படிக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

குப்பை கரைக்கு வரத் தொடங்கியது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது. அதற்குக் காரணம் கடல் மேல் வந்த பாசம் என்று நான் அறிக்கையில் எழுதலாம். உண்மையில் ஊர் ஊராகப் பிரித்து வைத்த குவியல்கள்தான் காரணம். எந்த ஊர்க் குவியல் பெரியது என்று தினமும் டீக்கடையில் பேச்சு. உறவுக்காரர்கள் யாராவது விருத்தாசலத்தில் இருந்து வந்தால் முதலில் அவர்கள் ஊர்க் குவியலுக்கு அழைத்துப் போவார்கள். பிள்ளைகள் நேர்மையானவர்கள் என்பதால், சொந்த ஊருக்கும் ஒரு குவியல் தொடங்கிவிட்டார்கள். அது சீக்கிரமே மற்ற எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. அந்த வாரம் அக்கா என்னிடம் பேசவில்லை. அடுத்த வாரம் மீன் விற்கிற பெண்கள் எல்லோரும் பிளாஸ்டிக் கூடையை விட்டு ஓலைக் கூடைக்கு மாறியிருந்தார்கள்.

அப்பா சொன்னபடி வருகிறார். அவர் இப்போது ஊரில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் பை வாங்கப் போனாலும் தீப்பெட்டியோடுதான் போகிறாராம். கடைக்காரர்கள் அவரைக் கண்டாலே பைக்கட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள் என்று அம்மா போனில் குறை சொன்னாள். போன தடவை அவரை நான்தான் சிதம்பரத்தில் பஸ் ஏற்றிவிட்டேன். ஒரு கையில் அம்மாவுக்கு அக்கா கொடுத்த கருவாடு, அம்மாவின் பழைய புடவையில் தைத்த பையில். இன்னொரு கையில் கள்ளக்குறிச்சிக் குவியல், பெரிய சாக்கில். கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார்.

"எங்க ஊரு குப்பைங்க."

எங்கே இருந்து எங்கே போகிறது என்று கண்டக்டர் கேட்டார். கடலில் இருந்து கள்ளக்குறிச்சிக்கு என்றார் அப்பா, நிமிர்ந்து நின்று. கண்டக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கருவாட்டுப் பையை முகர்ந்து பார்த்துவிட்டு, சாக்கு வேண்டுமானால் உள்ளே வரட்டும், அந்தப் பை பஸ் கூரை மேல் ஏறட்டும் என்றார்.